மனம் ஒன்றிய தொழிலே மகேசன் பூசை



திருவிழாவுக்கு விடுமுறையில் வந்திருந்த ஒரு பிள்ளை மூன்று இரவுகள் நமது ஆலய முன்றலில் ஏணியில் நின்று மின்விளக்குச் சரங்கள் கட்டினான். கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை. எரியாத ஒரு சரத்தில் எங்கே பழுது என்று விடியும்வரை தேடிக் கண்டுபிடித்தான். விளக்கு எரிந்தபோது அவன் முகமும் மலர்ந்தது.

"ஐயா, கடையில நிக்கிறப்ப எப்படா மணி எட்டாகும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். இங்க விடிஞ்சதுகூடத் தெரியல" என்றான். அருகில் நின்ற தாயார், "கெடச்ச வேலைய விட்டுட்டா சோத்துக்கு என்ன பண்றது? நாங்கல்லாம் புடிச்சுப்போயா கொழுந்து எடுத்தோம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. விடியற்காலைப் பெரட்டு, மழை, அட்டைக்கடி, மாலையில் நிறுவை என்று நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வில் விருப்பத்துக்கு இடம் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரஜாவுரிமையையும் இழந்த சமூகம் இது. தாய் கொழுந்து எடுத்த மலையிலேயே மகளுக்கும் பேர் போட்டார்கள். அவர்கள் சகித்ததால்தான் நாம் படித்தோம், உண்டோம். அந்தச் சகிப்பு வணங்கத்தக்கது. ஆனால் அவர்கள் சகித்தது, பிள்ளைகளும் சகித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக அல்லவே!

நம் சமயம் இதற்கு என்ன சொல்கிறது? திருவாதவூரர் பாண்டிய மன்னனின் முதலமைச்சர். பட்டம், பல்லக்கு, செல்வம் எல்லாம் இருந்தன. மனம் மட்டும் அதில் ஒட்டவில்லை. குதிரை வாங்கப் போன வழியில் திருப்பெருந்துறையில் குருநாதரைக் கண்டார். தாம் செய்யப் பிறந்த பணி எதுவென்று அங்கே உணர்ந்தார். அமைச்சராகவே இருந்திருந்தால் அவர் பெயரை இன்று யார் நினைத்திருப்பார்? மாணிக்கவாசகரானதால் நம் ஆலயங்களில் மார்கழி தோறும் அவர் வாக்கு ஒலிக்கிறது.

அதே வரலாற்றில் இன்னொரு காட்சியும் உண்டு. வைகை பெருகியபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று மன்னன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு ஆளில்லை. எம்பெருமானே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு மண் சுமந்தார், பாடினார், ஆடினார். மன்னன் பிரம்பால் அடித்தபோது அந்த அடி எல்லா உயிர்கள் மீதும் விழுந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. கூடையைத் தலையில் சுமந்தவர் இறைவன். ஆகையால் எந்தத் தொழிலும் இழிந்ததல்ல. 'கூலி' என்று பிறர் ஏளனமாய்ச் சொன்ன சொல்லை இறைவன் தன்மீது ஏற்றுக்கொண்டான். அடுத்தது, பேசிய கூலியை வந்தி தவறாமல் கொடுத்தாள். விருப்பத்தோடு செய்கிறான் என்பதற்காக ஒருவன் கூலியைக் குறைப்பது அறமாகாது.

சரி, பிடிக்காத வேலையை இன்றே உதறிவிடலாமா? இதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. நோட்டன் பிரிட்ஜ் மின் நிலையம் தாங்கியிருக்கும் பெயர் விமலசுரேந்திர. 1874இல் பிறந்த அவர் பொதுப்பணித் திணைக்களத்தில் பொறியியலாளர். இந்தப் பக்கத்து மலைகளில் தங்கம் கிடைக்குமா என்று பார்க்க அனுப்பப்பட்டார். அவர் கண்ணில் பட்டதோ கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் விழுந்தோடும் வேகம். அந்த நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் விரிவான கட்டுரை படித்தார். மேலிடத்தில் ஆதரவு கிட்டவில்லை. வேலைகள் தொடங்கித் தடைப்பட்டன. ஆனாலும் அவர் உத்தியோகத்தையும் விடவில்லை, கனவையும் விடவில்லை. ஓய்வுபெற்றபின் 1931இல் அரசாங்க சபைக்குப் போய் அங்கும் அதையே பேசினார். 1950இல் லக்சபான மின் நிலையம் இயங்கியபோது அவருக்கு வயது 76. மூன்று ஆண்டுகளில் மறைந்தார். 1965இல் இயங்கத் தொடங்கிய நம் ஊர் மின் நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அந்தப் பிள்ளை ஏணியில் நின்று கட்டிய விளக்குச் சரத்துக்குப் பின்னால் அத்தனை ஆண்டுப் பொறுமை இருக்கிறது.

ஆகவே இளைஞர்களே, எந்த வேலையில் நேரம் போவது தெரியவில்லையோ அதைக் கவனியுங்கள். இறைவன் உங்களுக்குக் காட்டும் குறிப்பு அது. அதற்காக நாளைய சோற்றைப் பணயம் வைக்காதீர்கள். இருக்கும் வேலையை நேர்மையாகச் செய்துகொண்டே விரும்பிய தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகள் உள்ளன. விசாரித்துச் சேருங்கள். கையில் தொழில் வந்தபின் துணிந்து அடியெடுத்து வையுங்கள்.

பெற்றோர்களே, 'மேசை உத்தியோகம்தான் மரியாதை' என்று பிள்ளையை நெருக்காதீர்கள். தோட்டத்திலேயே மண்ணோடும் செடியோடும் மகிழ்ந்திருக்கும் பிள்ளையையும் குறைத்துப் பேசாதீர்கள். "சாதாரண தரத்தில் எத்தனை பாடம்?" என்று கேட்கும் வாயால், "உனக்கு எந்த வேலையில் சந்தோஷம்?" என்றும் ஒருமுறை கேளுங்கள். நமது அறநெறிப் பாடசாலையிலும் மாதம் ஒரு ஞாயிறு, தச்சர், தாதியர், சாரதி, ஆசிரியர் என்று நம் மத்தியில் உள்ளவர்கள் வந்து தம் தொழிலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே!

தாய்மார்களே, உங்களுக்குக் கிடைக்காத தெரிவு உங்கள் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது. அது உங்கள் கூடையின் பாரம் வாங்கித் தந்த வரம். அதைப் பிள்ளை பயன்படுத்துவது உங்களை அவமதிப்பதாகாது. நீங்கள் சுமந்ததற்கு அவன் செய்யும் பூசை அது.

கை ஓரிடத்திலும் மனம் வேறோரிடத்திலும் இல்லாமல், இரண்டும் ஒன்றிய வாழ்வை நம் பிள்ளைகள் யாவருக்கும் அருளும்படி அன்னை முத்துமாரியின் பாதம் பணிந்து வேண்டுவோமாக.

சுபம்.