குறை கூற அழைத்தல்: ஸ்டோரிபோர்டு அரங்கும் பவாரணையும்

பிறருடைய குறையை அவரிடமே எடுத்துச் சொல்வது வன்முறையா, கருணையா என்னும் கேள்வி அறவியலில் மிகப் பழையது. அனிமேஷன் கலைஞர்கள் கூடி, முடிவுறாத தங்கள் கதைகளை ஒருவர் முன் ஒருவர் வைத்துக் கருத்துக் கேட்கும் பட்டறைகளில் அதே கேள்வி இன்று ஒவ்வோர் அமர்விலும் புதிதாக எழுகிறது.

படம் அசையத் தொடங்கும் முன்பே அதன் காட்சிகளைச் சிறு கோட்டோவியங்களாக வரைந்து வரிசைப்படுத்திக் காட்டுவது ஸ்டோரிபோர்டு எனப்படும். 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவைச் சேர்ந்த வெப் ஸ்மித் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் குத்தி வைத்ததிலிருந்து இம்முறை வளர்ந்ததாகக் கூறுவர். வரைந்தவரே அப்பலகையின் முன் நின்று, ஓவியங்களை ஒவ்வொன்றாகச் சுட்டி, பாத்திரங்களின் குரலில் பேசி, கதையை நடித்துக் காட்டுவதைப் 'பிட்ச்' என்பர். ஒரு நொடித் திரைக்காட்சிக்கு 24 சட்டகங்கள் தேவைப்படும் இக்கலையில், அசைவூட்டிய பின் ஒரு காட்சியை நீக்குவது பெரும் இழப்பு. பலகையில் குத்திய தாளை நீக்குவதோ ஓர் ஊசியை எடுக்கும் வேலை. ஆயினும் அந்தத் தாளை வரைந்தவர், அதற்குக் குரல் கொடுத்தவர், அதன் அருகில் நிற்பவர் எல்லாம் ஒருவரே என்பதால், தாள் கழற்றப்படும்போது தம்மிலேயே ஒரு பகுதி கழற்றப்பட்டதாக அவர் உணர்வது இயல்பு.

இந்த வலியைத் தவிர்க்க எளிய வழி மௌனம்தான். பௌத்தத் துறவியரின் ஒழுக்கநெறிகளைத் தொகுத்துக் கூறும் விநய பிடகத்தில் மகாவக்கம் என்னும் பகுதி இவ்வழியை ஆராய்ந்து மறுக்கிறது. கோசல நாட்டில் மழைக்காலத்தை ஒன்றாகக் கழித்த பிக்குகள் சிலர், பூசலின்றி வாழ விரும்பி, ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை என்று முடிவு செய்துகொண்டனர். பருவம் முடிந்ததும் அவர்கள் பெருமிதத்துடன் இதைத் தெரிவிக்க, புத்தர் பாராட்டவில்லை. அதை விலங்குகள் கூடி வாழும் வாழ்வு என்று கடிந்து, பவாரணை என்னும் சடங்கை ஏற்படுத்தினார். மழைக்கால உறைவின் முடிவில் ஒவ்வொரு பிக்குவும் குத்துக்காலிட்டு அமர்ந்து, கைகூப்பி, தம்மிடம் கண்ட, கேட்ட, அல்லது ஐயுற்ற குறை எதுவாயினும் இரக்கம் கொண்டு எடுத்துரைக்குமாறு பிக்குகளின் கூட்டமான சங்கத்தை மும்முறை வேண்டிக்கொள்வதும், அதனை உணர்ந்தால் திருத்திக்கொள்வதாக உறுதி கூறுவதுமே பவாரணை. அமைதிக்காகக் காக்கும் மௌனம் உண்மையில் உடன் வாழ்பவரைக் கைவிடுவதே என்னும் இந்தத் தீர்ப்பு மிகக் கடுமையானது; பட்டறைகளில் வழக்கமாகக் கேட்கும் "நன்றாக இருக்கிறது" என்ற பொதுச்சொல்லுக்கும் அது முழுமையாகப் பொருந்தும்.

சொல்பவருக்கும் நிபந்தனைகள் உண்டு. உரிய காலத்தில், உண்மையாக, மென்மையாக, பயன் விளையும்படி, அன்புள்ளத்தோடு என ஐந்து தகுதிகளைத் தம்மிடம் சோதித்த பின்னரே பிறரைக் கண்டிக்க வேண்டும் என்பது பௌத்த மரபு. இவற்றோடு, கட்டளையிடும் அதிகாரம் இல்லாமையையும் சேர்க்க வேண்டும் என்பதற்கு அனிமேஷன் வரலாறே சான்று தருகிறது. 'டாய் ஸ்டோரி' உருவானபோது, கதை இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும் என்று டிஸ்னி தரப்பு தொடர்ந்து வற்புறுத்தியதால் உட்டி என்னும் நாயகப் பொம்மை இரக்கமற்றவனாக மாறிப்போக, 1993 நவம்பரில் அதுவரை உருவானதைத் திரையிட்டுப் பார்த்தபின் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. பின்னாளில், அப்படத்தை உருவாக்கிய பிக்ஸார் நிறுவனத்தில் வளர்ந்த 'பிரெயின்டிரஸ்ட்' என்னும் விமர்சனக் குழு இதற்கு நேர்மாறானது: அதன் கருத்தை ஏற்க இயக்குநர் கடமைப்பட்டவரல்லர். பவாரணையிலும் குறையைக் காட்டுவது சங்கத்தின் பங்கு, அதை உணர்ந்து திருத்திக்கொள்வது குறையுடையவரின் பங்கு. பிக்ஸாரிலும் அப்படியே: 2015இல் வெளிவந்த 'இன்சைட் அவுட்' படத்தின் தொடக்க வடிவத்தில் மகிழ்ச்சி என்னும் பாத்திரத்தோடு அச்சம் பயணம் செய்தது. கதை பிடிபடாமல் நீண்ட காலம் திணறிய பின், உடன் செல்ல வேண்டியது துயரமே என்ற தெளிவு இயக்குநர் பீட் டாக்டரின் சொந்தச் சிந்தனையில்தான் பிறந்தது.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் இரண்டும் ஒன்றல்ல. பவாரணை மனிதரின் ஒழுக்கத்தைத் தூய்மைப்படுத்த முயல்கிறது. பட்டறை ஒரு படைப்பைச் செம்மைப்படுத்த முயல்கிறது. படைப்பு செம்மையாகிவிட்டாலும் படைத்தவரின் 'எனது' என்னும் பற்று அப்படியே எஞ்சலாம், ஏன், பாராட்டால் பெருகவும் கூடும். ஆகவே பட்டறையை ஆன்மிகப் பயிற்சி என்று அழைப்பது மிகை. ஆனால் பற்றைத் தளர்த்துவதற்கு ஏற்ற வாய்ப்பு அங்கே உண்டு. ஊசியில் தொங்கும் தாளைத் தம் கையாலேயே எடுக்கும் கலைஞர், அத்தாளும் தாமும் வேறு என்பதைச் செயலால் ஒப்புக்கொள்கிறார்.

பட்டறைகள் பவாரணையிடமிருந்து பெற வேண்டியது வரிசைமுறை. அங்கே முதலில் கைகூப்புபவர் சங்கத்தில் மூத்த பிக்கு. இளையவர்கள் அவருக்குப் பின்னரே. சாவத்தி நகரில் கூடிய 500 பிக்குகள் முன் புத்தரே தம் உடலாலோ சொல்லாலோ நிகழ்ந்த குறை உண்டா என்று கேட்டதாகச் சங்யுத்த நிகாயம் என்னும் பௌத்த நூல் பதிவு செய்கிறது. பட்டறைகளிலோ பெரும்பாலும் புதியவர் பலகையின் முன் நிற்க, அனுபவம் மிக்கவர் நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்கிறார். அந்த அனுபவசாலி தம்முடைய அரைகுறைக் கதையை முதலில் பலகையில் குத்தி, அங்கிருப்பவர்களுள் மிக இளையவரிடம் முதற்கருத்தைக் கேட்டால், அவருக்குப் பின் எழுந்து வரும் புதியவர் தம் கதையின் குறைகளைக் கேட்க அஞ்ச மாட்டார். அங்கே சொல்லப்படும் கருத்துகளும் அதிகாரத்தின் குரலில் ஒலிக்க மாட்டா.