காணி வணிகமும் அறமும்

கண்டியிலும் அதன் சூழலிலும் காணி வாங்கி விற்கத் தொடங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, இலாபம் எவ்வளவு என்பதன்று; அது யாருடைய இழப்பிலிருந்து வருகிறது என்பதே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவையாகக் கருதியதால், கண்டியக் கிராமத்தவர் தலைமுறைகளாகப் பயன்படுத்திய நிலங்களிற் பல கோப்பித் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைக்க வந்த தமிழரின் வழித்தோன்றல்களிற் பலர், இன்றும் சிறிய லயன் அறைகளில் காணியுறுதியின்றி வாழ்கின்றனர். சட்டம் தரும் உரிமையும் அறம் ஏற்கும் உரிமையும் எப்போதும் ஒன்றல்ல என்பதற்கு இவ்வரலாறே சான்று.

ஆகவே, காணிப் பதிவகத்தில் 30 ஆண்டு உரிமைத் தொடரை நொத்தாரிசு மூலம் ஆராய்வதும், அக்காணி விகாரகமா, அதாவது விகாரைக்குரியதா, அன்றித் தேவாலகமா, அதாவது தேவாலயத்துக்குரியதா என அறிவதும், வாங்குபவரின் தற்காப்பு மட்டுமன்று, பிறர் உரிமையை மதிக்கும் கடமையுமாகும். விலை பேசிய காணியைத் தம் பெயருக்கு எழுதாமலே மற்றொருவருக்குக் கைமாற்றி, இடையிலுள்ள விலை வேறுபாட்டைப் பெறும் முறையில், விற்பவரின் அறியாமையே முதலாகுமானால், அது வள்ளுவர் வெஃகாமை அதிகாரத்தில் விலக்கிய, பிறர் பொருளைக் கவர விரும்பும் குற்றமே. ஒரு பேர்ச், அதாவது ஏறத்தாழ 25 சதுர மீற்றர் நிலத்தின் நடப்பு விலையை விற்பவருக்கு வெளிப்படையாகச் சொல்லி ஈட்டும் இலாபமே கொள்ளத்தக்கது.