கொசுறும் தர்மமும்

விற்பவரும் வாங்குபவரும் முகம் பார்த்து நிற்குமிடத்தில் வியாபாரமே தர்மமாகப் பரிணமிக்குமா என்ற வினா, 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதன்முதலாகத் தொடங்கப்பெற்ற உழவர் சந்தையின் வழியில் எங்கள் ஊரிலும் தோன்றிய சந்தைக்கு, விடியற்காலையில் பையோடு செல்லும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழுவதுண்டு. தரகர் இல்லை, கடைக்கு வாடகை இல்லை, அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நியாயம் என்பது ஏற்பாட்டினாலேயே பெரும்பாலும் கைகூடிவிடுகிறது எனலாம். ஆனால், பனி உலராத முளைக்கீரைக் கட்டை என்னிடம் நீட்டிய மூதாட்டி, காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பின்னர், நான் கேளாமலே ஒரு கைப்பிடி கறிவேப்பிலையை அள்ளி, "ரசத்துக்குப் போடுங்க சாமி" என்று பையில் இட்டாளே, அந்தக் கொசுறு எந்த விலைப்பலகையில் அடங்கும்? அதைத் தானம் என்பதற்கில்லை, நான் இரவலன் அல்லன். லாபத்தை நாடிய தந்திரம் என்று சொல்லவோ என் மனம் ஒருபோதும் இசையாது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலாகிய வாணிகத்தின் நெறியை வள்ளுவர் பொருட்பாலுக்கென்று ஒதுக்காமல், அறத்துப்பாலில் நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்ததன் காரணம் அன்று எனக்குச் சற்றே விளங்கிற்று. தான், பிறன் என்னும் பேதம் கரைவதற்குச் சந்நிதானம் ஒன்றே ஸ்தலம் என்று நான் இப்போது நினைப்பதில்லை. கிழவியிடம், அவள் ஊரில் மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டே வீடு திரும்புகிறேன்.