கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும்

“இல்லை” என்பது மூன்றெழுத்துச் சொல். வாசலில் வந்து நிற்பவரைத் திருப்பியனுப்ப அது போதும். ஒரு வழக்கை முடித்துவைக்க அது போதும். ஒரு கடனை மறைத்துவிடவும் அதுவே போதும். இத்துணை வலிமை வாய்ந்த சொல்லை நாம் எவ்வளவு எளிதாக உதிர்த்துவிடுகிறோம் என்பதை ஓமலூரில் அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது. அன்று அச்சொல்லை முதலில் உதிர்த்தவன் நானே ஆதலின், அதைப் பற்றி எழுதும் கடமையும் எனக்கு இருக்கிறது.

ஓமலூரில் நெடுங்காலம் மளிகைக் கடை நடத்திவந்த பெரியவர் ஒருவர் காலமானார். நாணயத்துக்குப் பெயர் பெற்றவர். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து சாமான் வாங்க வரும் எளிய மக்கள், கையில் மிஞ்சிய சிறு தொகையை அவரிடம் கொடுத்துவைப்பது வழக்கம். மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ தேவைப்படும்போது திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. அவருடைய சொல்லே சீட்டு. அந்த அமானிதங்களையெல்லாம் பட்டியலாகத் தட்டச்சு செய்து, கடையிலுள்ள கணினியில் வைத்திருப்பதாகத் துணைவியாரிடம் மட்டும் அவர் சொல்லியிருந்தார்.

கணினியில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டு என்பதால் அந்த அம்மையார் என்னை அழைத்தனுப்பினார். “தம்பி, பையனுடைய அத்தா யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று இந்தப் பெட்டியில்தான் எழுதி வைத்திருக்கிறார். பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். மகனும் அருகில் நின்றார்.

பெரியவர் நோயுற்றிருந்த நாட்களில் அந்தக் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார்கள். நான் தேடும் கட்டத்தில் “அமானிதம்” என்று தட்டினேன். பொருந்துவது எதுவுமில்லை என்று திரை சொன்னது. “கடன்”, “பாக்கி”, “பட்டியல்” என்று மாற்றி மாற்றித் தட்டினேன். விடை மாறவில்லை. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். “இல்லையம்மா, அப்படி எதுவும் இதில் இல்லை” என்று சொல்லி எழுந்தேன்.

மகனுடைய முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அதனூடே சிறு நிம்மதியும் தோன்றி மறைந்ததைப் போல எனக்குப் பட்டது. அவரைக் குறை சொல்ல நான் முன்வரவில்லை. கடையின் மீது கடன் இருந்தது. தந்தையின் மருத்துவச் செலவு இருந்தது. புதிதாக ஒரு பட்டியல் வேண்டும் என்று யார்தான் விரும்புவர்? ஆனால் அம்மையார் என்னையே பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “இல்லையா தம்பி, கிடைக்கவில்லையா?”

நான் மீண்டும் உட்கார்ந்தேன்.

தேடல் எவ்வாறு நடைபெறுகிறது?

கணினியில் ஒரு சொல்லைத் தேடுகிறோம். அது தன்னிடமுள்ள கோப்புகள் அனைத்தையும் அந்தக் கணமே படித்துப் பார்த்து விடை சொல்வதாக நம்புகிறோம். உண்மை அதுவன்று. ஓய்வாக இருக்கும் வேளைகளில் அது கோப்புகளைப் படித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் உள்ளது என ஓர் அட்டவணை எழுதி வைத்துக்கொள்கிறது. நாம் கேட்கும்போது பெரும்பாலும் அது புரட்டிப் பார்ப்பது அந்த அட்டவணையைத்தான். நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவைப் போன்றதே இதுவும். சொல்லடைவில் விடுபட்ட சொல் நூலில் இல்லாத சொல் ஆகிவிடாது.

இயங்குதளம் புதிதாக நிறுவப்படும்போது பழைய அட்டவணை போய்விடும். கணினி அதை மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கும். கோப்புகள் மிகுதியாக இருந்தால் இப்பணிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்கிடையில் நாம் கேட்கும் கேள்விக்கு, எழுதி முடித்த அளவிலிருந்தே விடை வருகிறது. இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் எல்லை பற்றியது. விண்டோஸ் இயங்குதளத்தின் தேடல், நாமாகக் கட்டளையிட்டாலன்றி, ஆவணங்கள், படங்கள், முகப்புத்திரை முதலான சில இடங்களையே அட்டவணைப்படுத்துகிறது. நம் வீடுகளிலும் கடைகளிலும் முக்கியமான கோப்புகளை ‘டி’ என்னும் இரண்டாம் பகுதியில் வைப்பதே வழக்கம். முதற்பகுதியை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினாலும் இரண்டாம் பகுதி பழுதுபடாது என்பது அதற்குக் காரணம். பாதுகாப்புக்கென ஒதுக்கிய அந்த இடத்தையே தேடல் எட்டிப் பார்ப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றதால், அடுத்த பதிப்புக்கு மாறிய இல்லங்கள் பல. கோப்புகள் காணாமற்போய்விட்டன என்று கலங்குவோர், அமைப்புகளில் தேடல் பற்றிய பகுதிக்குச் சென்று, விடுபட்ட இடங்களைச் சேர்த்து, அட்டவணையை மீண்டும் எழுதுமாறு பணித்துவிட்டு, ஓரிரவு பொறுத்திருப்பது நலம்.

மூன்றாவது காரணம் தமிழுக்கே உரியது. உலக மொழிகளுக்குப் பொதுவான யுனிகோடு குறியீடு 1991-இல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கும் இடம் இருந்தது. ஆயினும் அதன் பின்னரும் நெடுங்காலம் தமிழ் எழுத்துருக்கள் தத்தம் விருப்பப்படி வெவ்வேறு குறியீடுகளைக் கையாண்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் தரங்கள் வகுக்கப்பட்டன. 2010 ஜூன் மாதத்தில்தான் தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்-16 என்பதையும் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட “அமானிதம்” நம் கண்ணுக்கு அமானிதமே. கணினிக்கோ அது சில ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் சேர்ந்த கோவை. இன்று யுனிகோடில் நாம் தட்டும் “அமானிதம்” அதனோடு ஒருபோதும் பொருந்தாது. ஏன், யுனிகோடுக்குள்ளேயே “கொ” என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என அறியாத மென்பொருள், கண்முன் இருக்கும் சொல்லையும் இல்லையென்று சொல்லிவிடும்.

இந்த மூன்றிலும் இயந்திரம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். “நான் இதுவரை எழுதிய அட்டவணையில், எனக்குக் காட்டப்பட்ட இடங்களில், நீ கேட்ட குறியீட்டில், பொருந்துவது எதுவுமில்லை” என்பதே அதன் விடை. அந்த நெடிய விடையிலிருந்து நிபந்தனைகள் அனைத்தையும் வெட்டியெறிந்து, “இல்லை” என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருக்கியவன் நான். “கிடைக்கவில்லை” என்பது என் தேடலைப் பற்றிய செய்தி. “இல்லை” என்பதோ பொருளைப் பற்றிய தீர்ப்பு. செய்தியைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தீர்ப்பு வழங்கும் உரிமையை ஐந்து நிமிடத் தேடல் எனக்கு அளித்துவிடுமா?

அட்டவணையும் பொருளும்

அட்டவணை வேறு, பொருள் வேறு என்பதற்கு வரலாற்றில் நேர்மாறான சான்று ஒன்றும் உண்டு. பக்தாது நகரில் நூல் வணிகம் செய்துவந்த இப்னு அந்நதீம், ஹிஜ்ரி 377-இல், அதாவது கி.பி. 987-ஐ ஒட்டி, “அல் ஃபிஹ்ரிஸ்த்” என்னும் பெரும் நூற்பட்டியலைத் தொகுத்தார். தம் காலத்தில் அரபு மொழியில் அறியப்பட்டிருந்த நூல்களையும் அவற்றை ஆக்கியோரையும் துறைவாரியாகப் பதிவு செய்தார். அவர் குறித்த நூல்களுள் மிகப் பல இன்று உலகில் எங்கும் இல்லை. பட்டியல் வாழ்கிறது, நூல்கள் மறைந்துவிட்டன. ஓமலூர்க் கணினியிலோ நூல் இருந்தது, பட்டியல் மறைந்திருந்தது. முன்னது ஈடுசெய்ய இயலாத இழப்பு. பின்னது சிறிது பொறுமையால் தீரக்கூடிய குறை. அதையும் ஈடற்ற இழப்பாக்குவது நம் அவசரம்தான்.

நம் இல்லங்களிலேயே இதற்கு வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் எத்தனையோ குடும்பங்களின் அலமாரிகளில் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. பாட்டனார் அதில் மருந்துக் குறிப்பும் கடிதமும் எழுதினார். எழுத்துமுறை மாறியது, பேரன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது ஏதோ அரபி, நமக்குப் புரியாது” என்று மூடிவைத்தான். அதிலிருப்பது அவனுடைய தாய்மொழியே. ஏடு அழியவில்லை, அதனை அணுகும் வழி அழிந்தது. பொருளைக் காப்பதோடு அதற்குரிய வழியையும் காத்தால்தான் பாதுகாப்பு நிறைவுபெறும். சீர்காழியில் பிறந்து, 1924-இல் மதராஸ் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், நூல்களை வகைப்படுத்தும் முறைக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டதன் நோக்கமும் இதுவே. இடம் மாறி அடுக்கப்பட்ட நூல், நூலகத்துக்குள்ளேயே தொலைந்த நூலாகும்.

எப்போது நிறுத்தலாம்?

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. “எல்லையின்றித் தேடிக்கொண்டே இருக்க முடியுமா? ஓரிடத்தில் நிறுத்தத்தானே வேண்டும்?” நியாயமான கேள்வி. சட்டமும் மார்க்கமும் இதனை எண்ணிப் பார்த்தே விதி வகுத்துள்ளன. ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றி, செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எச்செய்தியும் வரவில்லையெனில், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 108-ஆம் பிரிவு, கூறிய முறை. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அந்த ஏழாண்டை விட்டுவிடவில்லை. வழியில் கண்டெடுத்த மதிப்புள்ள பொருளை ஓராண்டுக் காலம் அறிவித்து உரியவரைத் தேட வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் பொதுவிதி. காலம் வேறுபடினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்று. “காணவில்லை” என்பது “இல்லை” என மாறுவதற்கு முன் ஒரு காலமும் ஒரு முயற்சியும் கடந்தாக வேண்டும்.

எவ்வளவு முயற்சி என்பதை அறிய எனக்கு ஓர் அளவுகோல் தோன்றுகிறது. பொருள் இல்லாமற் போவதால் ஆதாயம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். என் கைக்கடிகாரம் தொலைந்தால் அரை நாழிகை தேடிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. நட்டம் என்னோடு முடிகிறது. பிறருக்குக் கொடுக்க வேண்டிய கணக்குத் தொலைந்தாலோ, தேடுகிறவனுக்கு ஆதாயம், தேடப்படுகிறவனுக்கு நட்டம். அங்கே மனம் சோம்பலுக்குத் துணைபோகும். முதல் “இல்லை”யிலேயே நிறைவடைந்துவிடும். ஆகவே, எங்கே கிடைக்காமற் போவது நமக்கு வசதியோ, அங்கேதான் இருமடங்கு தேட வேண்டும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதையும், இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே சொத்துப் பங்கீடு என்பதையும் அறிந்த சமுதாயம் நாம். எழுதிவைப்பது ஒருவர் கடமையாயின், எழுதிய பின் அதைத் தேடிப் படிப்பது மற்றவர் கடமையன்றோ?

அன்று இரவு தேடும் கட்டத்தை விட்டுவிட்டு, இரண்டாம் பகுதியிலிருந்த உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். பெரியவர் உடல்நலத்தோடு கடைக்கு வந்த கடைசி மாதங்களைக் கணக்கிட்டு, அந்தத் தேதிகளிலுள்ள கோப்புகளை வரிசையாகப் பார்த்தோம். பெயரே வைக்கப்படாமல், கணினி தானாக இட்ட ஆங்கிலப் பெயரோடு ஒரு கோப்பு இருந்தது. திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகள் பக்கம் முழுவதும் நிறைந்திருந்தன. அழித்துவிடத் தோன்றும் குப்பையைப் போன்ற தோற்றம். பழைய எழுத்துரு ஒன்றை வாங்கி வந்து நிறுவியதும், அந்தக் குப்பை கண்ணெதிரே தமிழாயிற்று. முதல் வரியே “அமானிதம்”. அதன் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள், ஊர்கள், தொகைகள்.

மகன் அதை உரக்கப் படித்தார். நடுவில் குரல் தழுதழுத்தது. தந்தையின் சொற்களைத் தந்தையே சொல்வதுபோல் கேட்டிருக்க வேண்டும். நான் முன்பு கண்டதாக நினைத்த நிம்மதி அவர் முகத்தில் இப்போது இல்லை; இது வேறொரு நிம்மதி. தவணை முறையில் கடையின் வருவாயிலிருந்தே கொடுத்துத் தீர்ப்பதென்று அன்றே முடிவு செய்தார்.

பெரும்பாலோருக்குக் கொடுத்தாயிற்று. சிலர் ஊரை விட்டுப் போய்விட்டனர். சிலருடைய ஊர்ப்பெயர் மட்டுமே உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வண்டியை எடுத்துக்கொண்டு சிற்றூர்களுக்குச் சென்று விசாரித்து வருகிறார். அண்மையில் அந்தப் பட்டியலின் படியை என்னிடம் காட்டினார். கொடுத்து முடித்த பெயர்களுக்கு எதிரே தேதி எழுதியிருந்தார். மீதமிருந்த நான்கு பெயர்களுக்கு எதிரே ஒரே சொல்லை எழுதியிருந்தார்: “கிடைக்கவில்லை.”

அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் அவர் போவார்.