ஊருக்கு உபதேசம்

அடுத்தவர் கம்பெனிக்குப் புத்தி சொல்லிக் காசு வாங்குவதுதான் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட் வேலை. தனக்கே புத்தி சொல்லிக்கொள்ள வேண்டிய நாள் வந்தால்?

அமெரிக்காவில் மெக்கின்ஸியை வளர்த்தவர் மார்வின் பவர். 1963-ல் அறுபது வயசில், தன் பங்குகளைக் கணக்குப் புத்தக விலைக்கே கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தார். வெளியே விற்றிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும். 1967-ல் தலைமைப் பதவியையும் விட்டார்.

அதே நாற்காலியில் 1994 முதல் 2003 வரை இருந்தவர் ரஜத் குப்தா. அதில் உட்கார்ந்த முதல் இந்தியர். பிறகு கோல்ட்மன் சாக்ஸ் இயக்குநர். 2008 செப்டம்பரில் வாரன் பஃபெட் அங்கே 500 கோடி டாலர் போடப்போகும் சேதி, போர்டு கூட்டத்தில் அவர் காதில் விழுந்தது. கூட்டம் முடிந்த கையோடு, ஹெட்ஜ் ஃபண்ட் நடத்திய ராஜ் ராஜரத்தினத்துக்கு ஒரு போன். 2012-ல் நியூயார்க் ஜூரி குப்தாவைக் குற்றவாளி என்றது. இரண்டு வருஷ ஜெயில் தண்டனை. தான் தப்பே செய்யவில்லை என்பது அவர் கட்சி.

அந்தச் சேதியை வைத்து அவர் ஒரு பங்குகூட வாங்கவில்லை. அப்புறம் எதற்கு அந்த போன்? எனக்குத் தோன்றுவது இதுதான்: காசு போதும் என்று சொல்லிவிடலாம். 'எனக்கு முன்னாடியே தெரியும்' என்கிற கெத்தைப் போதும் என்று சொல்வதுதான் கஷ்டம். அது கோடீஸ்வரருக்கு மட்டுமா? ஆபீஸ் ரகசியத்தை டீக்கடையில் அவிழ்க்கிறபோது நமக்கு என்ன கிடைக்கிறது, சொல்லுங்கள்?