தேவை தீர்ந்த பின்னும்

நன்றாக வெட்டுவதே நல்ல கத்தி, சரியாக நேரம் காட்டுவதே நல்ல கடிகாரம். பொருளின் சிறப்பு அதன் வேலையில் இருக்கிறது என்பது அரிஸ்டாட்டில் வழி வந்த கருத்து. அந்த வேலையை மலிவான வேறொன்று இன்னும் நன்றாகச் செய்யத் தொடங்கிய பிறகும் பழையதைச் செம்மைப்படுத்துவதில் அர்த்தம் உண்டா? இங்கிலாந்தின் கடிகாரத் தயாரிப்பாளர் ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011) தம் வாழ்வின் பின்பாதியை அப்படிச் செம்மைப்படுத்துவதற்கே கொடுத்தார்.

பழைய கடிகாரங்களைப் பழுதுபார்த்து வந்த டேனியல்ஸ், தம் பெயரில் முதல் கடிகாரத்தை 1969-இல் செய்து முடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று சீகோ நிறுவனத்தின், மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் டோக்கியோவில் விற்பனைக்கு வந்தது. அது மாதத்துக்கு ஐந்து நொடிதான் முன்பின் ஆகும்; சாவி கொடுக்கும் நல்ல கடிகாரமே ஒரு நாளில் அவ்வளவு பிசகிவிடும்.

டேனியல்ஸின் கவனமோ ஒரு சொட்டு எண்ணெயின் மேல் இருந்தது. வழக்கமான கடிகாரத்தில் பல்சக்கரத்தின் பல், ஒரு சிறு மாணிக்கக் கல்லின் மேல் வழுக்கிக்கொண்டே போய், நேரத்தைச் சீராக வைக்கும் பாலன்ஸ் சக்கரத்துக்கு உந்துதல் தருகிறது. நொடிக்கு எட்டு டிக் என்றால் நாளுக்கு 6,91,200 டிக். அந்த உரசலுக்கு இட்ட எண்ணெய் சில ஆண்டுகளில் கெட்டியாகும், கடிகாரம் பிசகும். 1970-களில் அவர் வகுத்த 'கோ-ஆக்சியல்' அமைப்பில் ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள். உந்துதல் ஏறக்குறைய நேராகத் தள்ளுவதாக வருவதால் வழுக்கல் மிகக் குறைவு.

இந்த உழைப்பைக் கலை என்று சொல்லிக் கேள்வியை முடித்துவிடுவோர் உண்டு. அது போதாது. அழகுதான் நோக்கமென்றால் எண்ணெய் கெட்டியாவதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆக்கத்தின் பயன் ஆக்கப்பட்ட பொருளில் முடிகிறது, செயலின் பயன் செயலிலேயே இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். டேனியல்ஸின் உழைப்பு இரண்டிலும் கால் வைத்து நிற்கிறது: பொருளின் வேலைக்குக் கடைசிவரை உண்மையாக இருப்பதே அங்கே செயலாகிறது. வாங்கியவர்கள் செல்வந்தர்களான சேகரிப்பாளர்கள் என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அது வாங்குபவரின் நோக்கம், செய்தவருடையதல்ல.

சுவிஸ் தொழிற்சாலைகள் பல ஆண்டுகள் தயங்கின. 1999-இல் அவற்றில் ஒன்றான ஒமேகா கோ-ஆக்சியல் அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது டேனியல்ஸ் எழுபது வயதைக் கடந்திருந்தார். அந்தக் கடிகாரங்களிலும் எண்ணெய் அடியோடு போய்விடவில்லை. கொஞ்சம் இட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.