திண்ணனின் கண்ணும் மூளையின் மடல்களும்

சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022இல் புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்துவிட்ட காளத்தியைச் சைவர்கள் வாயுத் தலம் என்றும் கண்ணப்பர் தலம் என்றும் அறிவார்கள். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கண்ணப்பர் கதையின் ஆறாம் நாளில், லிங்கத்தின் ஒரு கண்ணில் குருதி பெருகுகிறது. பச்சிலை பிழிந்தும் நிற்காமல் போகவே, பின்னர் கண்ணப்பர் எனப்பட்ட திண்ணன் தன் கண்ணை அம்பால் இடந்து அப்புகிறான். மறு கண்ணிலும் குருதி வருகிறது. இரண்டாவதையும் எடுத்துவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாதே என்று, காலை அங்கே ஊன்றி அடையாளம் வைத்துக்கொள்கிறான். இந்தக் கடைசிச் செய்கையை இன்றைய நரம்பியலின் துணையோடு பிரித்துப் பார்க்கலாம். கண் ஒளியை வாங்குவதோடு சரி. காட்சி உருவாவது பிடரிப் பக்கத்து மடலில். காலை அசைக்கும் ஆணை, இரண்டு அரைக்கோளங்களும் சந்திக்கும் நடுப்பிளவின் உள்பக்கத்திலிருந்து கிளம்புகிறது. கால் எங்கே பதிந்திருக்கிறது என்பதைப் பார்க்காமலே உணர்வது உச்சிப் பக்கத்து மடலின் வேலை. அடுத்த நொடியில் குருடாகப் போகிறோம் என்று முன்னறிந்து திட்டமிட நெற்றிக்குப் பின்னுள்ள மடல் வேண்டும். அப்படியானால் அன்பு எந்த மடலில் இருந்தது? அதற்கும் ஓரிடம் கண்டுபிடித்துவிட்டால் பக்தி வெறும் நரம்புச் செய்தியாகிவிடுமா?

ஆகிவிடும் என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, பிறர் பேச்சைப் புரிந்துகொண்டும் தான் ஒரே ஓர் அசையைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாதிருந்த நோயாளி இறந்தபின், அவருடைய மூளையின் இடது முன்பகுதியில் சிதைவைக் காட்டினார். அதன்பின் ஒவ்வொரு திறனுக்கும் இடம் தேடும் வேலை நிற்கவே இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், பொட்டுப் பக்கத்து மடலில் வலிப்பு வரும் சிலரைச் சோதித்தார். சமயச் சொற்களைக் கண்டதும் அவர்களுடைய தோலின் மின்கடத்தல் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தது. இறையனுபவமே வலிப்பின் சாயல்தான் என்று சிலர் முடிவுகட்டியது இங்கிருந்துதான். இந்த முடிவில் ஒரு தாவல் இருக்கிறது. இடது உச்சி மடலின் பின்பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடம் கெட்டால் மனிதருக்குக் கணக்குப் போட வராமல் போகிறது. அதனால் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பது அந்த மடலின் கற்பனை என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றை அறிய மூளையில் எந்தப் பகுதி தேவை என்பது ஒரு கேள்வி. அறியப்பட்டது மெய்யா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த விடை இரண்டாவதைத் தொடுவதே இல்லை. இது ஆத்திகருக்கும் பொருந்தும்: மூளை பக்திக்கு இசைந்து அமைந்திருப்பதே கடவுள் உண்டு என்பதற்குச் சான்று என்று அவர்களும் சொல்ல முடியாது.

சைவ சித்தாந்தம் இந்த விவாதத்துக்குப் பலர் நினைப்பதைவிட ஆயத்தமாகவே வருகிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் அதில் அந்தக்கரணங்கள். மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டார் சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரத்தில், உயிர் இவற்றில் ஒன்றன்று, அமைச்சரோடு கூடிய அரசன்போல இவற்றோடு கூடி நிற்பது என்கிறார். நினைவும் முடிவெடுத்தலும் சடத்தில் நடக்கின்றன என்ற செய்தி, உயிரையும் மனத்தையும் ஒன்றென்று எண்ணியவரைக் கலக்கலாம். மெய்கண்டாரைப் படித்தவரைக் கலக்க வேண்டியதில்லை.

இங்கேதான் கடினமான தடை எழுகிறது. 1848இல் அமெரிக்காவில் ஓர் இரும்புக் கம்பி ஃபினியஸ் கேஜின் முன்மூளையைத் துளைத்துச் சென்றது. பிழைத்தார், ஆனால் பழைய கேஜ் இல்லை என்றார்கள் நண்பர்கள். அமைச்சர் போனால் அரசனின் ஆணை தடைபடலாம், அவன் குணமே மாறுவானேன்? நினைவு, மொழி, குணம் எல்லாம் கரணங்களுடையவை என்றால் உயிருக்கென்று மிஞ்சுவது என்ன? சித்தாந்தத்தின் விடை: மிஞ்சுவது அறியும் தன்மை, அதுவும் தனித்து நில்லாமல், சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. கரணம் கெட்டால் உயிர் வேறாகத் தோன்றுவது இந்தக் கொள்கைக்கு எதிரானதன்று. ஆனால் எந்தச் சேதம் நேர்ந்தாலும் பொருந்திப்போகும் விடையைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. அந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. உயிர் உண்டென்று இதனால் நிறுவப்படவில்லை. இல்லையென்று மூளையின் வரைபடத்தால் நிறுவ முடியாது என்பது மட்டுமே தெளிவாகிறது.

வரைபடம் உறுதியாகத் தருவது வேறொன்று. பக்கவாதத்தில் பேச்சிழந்த சிலர், ஒரு வாக்கியமும் கோர்க்க முடியாத நிலையிலும், பழகிய பாட்டையும் பிரார்த்தனையையும் தடையின்றிச் சொல்வதை மருத்துவர்கள் நெடுநாளாக அறிவார்கள். யோசித்துப் பேசும் பேச்சும் பழகி ஊறிய பேச்சும் மூளையில் ஒரே வழியைச் சார்ந்தவை அல்ல. திருப்பதி மலைக்கு ஏறும் அலிபிரிப் படியில் அப்படி ஒருவர் கோவிந்தா என்றால் அது பொருளற்ற பழக்கம் என்று தள்ளுவதற்கும், சொல்ல முடியாமல் நிற்பவருக்குப் பக்தி போய்விட்டது என்று எண்ணுவதற்கும் நரம்பியலிலும் இடமில்லை, சித்தாந்தத்திலும் இடமில்லை.